காப்பித்தூள் விலை ஏறிவிட்டது, வீட்டில் என்ன குடிக்கலாம்?

பினாங்கில் காப்பித்தூளும் மசாலாத்தூளும் கலந்து விற்பது என் தொழில். அண்மையில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. பலருக்கும் பயன்படும் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் காப்பி விளைகிறதே, வெளிநாட்டு விலை ஏறினால் நமக்கு ஏன் ஏறுகிறது? (செந்தூல் வாசகர்)

இங்கே விளைவது பெரும்பாலும் லைபெரிக்கா ரகம். ஜொகூர் பக்கம் அதிகம். ஆனால் நாம் குடிக்கும் அளவுக்கு அது போதாது, இறக்குமதி செய்தே ஆகவேண்டும். ஒட்டுக்கடையில் பால் இல்லாமல் குடிக்கும் கோப்பி ஓவில் இருப்பது பெரும்பாலும் ரொபஸ்டா ரகம். அதை உலகத்திலேயே அதிகம் விளைவிப்பது வியட்நாம். 2024இல் அங்கே கடுமையான வறட்சி. அதே வருடம் பிரேசிலிலும் மழை பொய்த்தது. உலகக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரேசிலுடையது. அராபிக்கா என்ற இன்னொரு ரகத்தின் விலை 1977இன் பழைய உச்சத்தைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. விலை நன்றாக இருக்கிறதே என்று இன்று செடி நட்டாலும் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதனால்தான் விலை ஏறினால் சட்டென்று இறங்குவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரப்பருக்கு முன்னால் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்தன, நம் ஆட்கள் அங்கே உழைத்தார்கள். 1890களில் பிரேசில் அளவுக்கு மீறி விளைவித்ததில் விலை சரிந்தது. துரைமார்கள் காப்பியை விட்டு ரப்பருக்கு மாறினார்கள். இல்லாவிட்டால் நம் தோட்டத்து வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஃபில்டர் காப்பிக்கு 80:20 (80 பங்கு காப்பி, 20 பங்கு சிக்கரி) வாங்குகிறேன். சிக்கரியைக் கூட்டி 60:40 வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

முதலில் கணக்கைப் பார்ப்போம், அம்மா. ஒரு டம்ளர் காப்பிக்குச் சுமார் 10 கிராம் தூள் என்றால் ஒரு கிலோவில் 100 டம்ளர். கிலோவுக்கு 20 வெள்ளி ஏறினால் டம்ளருக்கு 20 காசு. நான்கு பேர் இரண்டு வேளை குடிக்கும் வீட்டில் மாதம் 240 டம்ளர், அதாவது 48 வெள்ளி கூடுதல் செலவு. சின்னத் தொகை இல்லை.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் நிறமும் கெட்டித்தன்மையும் கசப்பும் கொடுக்கும். காப்பியின் மணத்தைக் கொடுக்காது, கஃபீனும் அதில் கிடையாது. 70:30 வரை போகலாம். 40க்குப் போனால் டிகாஷன் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வாயில் காப்பி நிற்காது. அப்புறம் அந்தக் குறையை மறைக்கச் சீனியைக் கூட்டுவீர்கள். நான் பலருக்கும் சொல்வது இதுதான்: தூளை மாற்றாதீர்கள், வேளையைக் குறையுங்கள். காலையில் பழைய 80:20 காப்பியே குடியுங்கள். மாலையில் வேறு ஏதாவது. அந்த 48 வெள்ளி 24 ஆகிவிடும். நல்ல காப்பி ஒரு வேளை குடித்த திருப்தி, கலப்படமாக இரண்டு வேளை குடித்தால் வராது.

இன்னொன்று: பாக்கெட்டில் ‘கோப்பி சம்புரான்’ என்று இருந்தால் அது தனிக் காப்பி இல்லை, வேறு பொருள்களும் கலந்தது. அதன் கிலோ விலையைத் தனிக் காப்பி விலையோடு ஒப்பிடாதீர்கள்.

செலவைக் குறைக்கக் காப்பியை ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாளே மண்டை இடிக்கிறது. (பத்துமலை வாசகர்)

கஃபீன் பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், முதல் இரண்டு நாள் அதிகமாக இருக்கும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். மறுபடி அரை டம்ளரில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகக் குறையுங்கள். ரொபஸ்டாவில் அராபிக்காவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு. கடைக் கோப்பி ஓ குடித்துப் பழகியவர்களுக்கு அதனால்தான் விடுவது கஷ்டம்.

மாலையில் சுக்குக் காப்பி போடலாம் என்றால் கருப்பட்டி விலை காப்பியைவிட மோசம்! (பட்டர்வொர்த் வாசகி)

கருப்பட்டிக்குப் பதில் குலா மெலாக்கா போடுங்கள். தென்னம்பாளையில் இறக்கிய வெல்லம். மணம் கொஞ்சம் வேறு, ஆனால் சுக்கோடு நன்றாகச் சேரும். சீனி கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

பொடிக்கு என் அளவு: கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் பத்து. மல்லியை மட்டும் வாசம் வரும் வரை இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும், கருகினால் எல்லாம் கெட்டுவிடும். சுக்கைத் தட்டிப் போட்டு அரையுங்கள். டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து நிமிடம் கொதித்து வடிகட்டினால் போதும். பால் வேண்டாம். இதில் காப்பித்தூளே இல்லை, ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் தினமும் குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைலோ, த்ரீ இன் ஒன் பாக்கெட்? (ஜெலுத்தோங் வாசகர்)

பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் எழுதியிருக்கும். த்ரீ இன் ஒன்னில் பெரும்பாலும் சீனியும் கிரீமரும்தான் முதலில் வரும், காப்பி பின்னால் வரும். மைலோவைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஆனால் அதன் மேல் கெட்டிப்பால் ஊற்றாதீர்கள்.

தேத்தண்ணிக்கு மாறிவிட்டோம். சரிதானே? (பாயான் லெப்பாஸ் வாசகி)

சரிதான், செலவும் குறைவு. கேமரன் மலைத் தேயிலையே நன்றாக இருக்கும். சோறு சாப்பிட்ட கையோடு மட்டும் குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.