ஆதார ஷட்ஜத்தை எடுத்துவிட்டால்: ஆர்க்கெஸ்ட்ரா பின்னணி இசையில் ஏடோனல் உத்திகள்

ஹாலிவுட் படங்களில் நூறு பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு ஏடோனல் முறையிலும் புழக்கத்தில் இல்லாத ஸ்கேல்களிலும் (ஸ்வர அடுக்குகளிலும்) எழுதுகிறார்களே, அது பயமுறுத்துவதற்கான சத்தம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் அதன் விளைவுகளில் ஒன்று மட்டுமே. கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருப்பதால், முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்கிறேன். ஸ்கேல் எவ்வளவு அரிதாக இருந்தாலும், திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு ஸ்வரம் இருக்கும்வரை அது மையமுள்ள இசைதான். அப்படி நிற்கும் இடத்தையே இல்லாமல் செய்வதுதான் ஏடோனல்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நமக்கு, மேற்கில் அரிதாகக் கருதப்படும் ஸ்கேல்கள் பல அவ்வளவு அந்நியமானவை அல்ல. ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் மிகுதியாகக் கையாளும் லிடியன் ஸ்கேல் நமக்குக் கல்யாணி ராகத்தின் ஸ்வரங்கள். ஹங்கேரியன் மைனர் என்பது சிம்மேந்திர மத்யமம் ராகம். முழுத்தொனி (கீபோர்டில் இரண்டு கட்டை தூரம்) ஸ்கேலின் ஆறு ஸ்வரங்கள் கோப்ரியா ராகத்தில் அப்படியே இருக்கின்றன. அதில் எல்லா இடைவெளிகளும் சமம் என்பதால், தம்புரா இல்லாமல் வாசித்தால் எது ஆதார ஸ்வரமான ஷட்ஜம் (ச) என்று காதால் தீர்மானிக்க முடிவதில்லை. பழைய படங்களில் கனவோ நினைவோ தொடங்கும்போது ஹார்ப்பில் அதை வழித்துவிட்டதற்குக் காரணமும் இதுவே.

எட்டு ஸ்வரங்கள் கொண்ட ஆக்டடோனிக் ஸ்கேல் மட்டும், ஏழு ஸ்வரத் தாய் ராகங்களின் பட்டியலான நம் மேளகர்த்தாவுக்குள் அடங்காது. அரைத்தொனியும் (ஒரு கட்டை தூரம்) முழுத்தொனியும் மாறி மாறி வரும் அந்த அடுக்கில் காந்தாரத்தின் இரு வகைகளான சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் இரண்டும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. 1981இல் வெளிவந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் கதையின் மையமான புனிதப் பேழைக்கான இசையைக் கவனியுங்கள். ஷட்ஜத்தின் மேல் ஒரு மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரங்கள்), பிறகு பிரதி மத்யமத்தின் (உயர்ந்த ம) மேல் இன்னொரு மைனர் கார்டு. இரண்டும் இந்த எட்டு ஸ்வரங்களுக்குள் அடங்குபவை. இரண்டில் எது வீடு, எது வெளி என்ற குழப்பத்திலிருந்தே அந்த அமானுஷ்யம் பிறக்கிறது.

இனி ஏடோனலுக்கு வருவோம். பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் அமைத்து, எந்த ஸ்வரமும் ஷட்ஜத்தின் தகுதியைப் பெற்றுவிடாதபடி எழுதும் முறையை உருவாக்கிய ஆர்னல்ட் ஷோன்பெர்க், 1930களில் லாஸ் ஏஞ்சலிஸிலேயே குடியேறினார். எம்.ஜி.எம். படநிறுவனம் அவரை ஒரு படத்துக்கு அணுகியபோது, பெருந்தொகையோடு நடிகர்கள் வசனம் பேசும் சுருதியின் மீதும் தமக்கு அதிகாரம் வேண்டும் என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அவரிடம் பயின்ற லெனர்ட் ரோசன்மன்தான் 1955இல், மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'தி காப்வெப்' படத்தில் இந்த முறையை ஹாலிவுட்டுக்குள் கொண்டுவந்தார்.

எனக்கு இதன் உச்சம், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 1968இல் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்துக்கு எழுதியது. பன்னிரண்டு ஸ்வர முறையின் தாக்கம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் அதை வறண்ட கணக்காகவிடாமல் காப்பாற்றியது தாளமும் வாத்தியங்களின் ஓசையும்தான். சமையலறையில் மாவு கலக்கும் எவர்சில்வர் கிண்ணங்களைத் தட்டினார்கள், ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினார்கள், குரங்கின் உறுமல் போன்ற ஒலிக்குப் பிரேசில் நாட்டுக் குயிக்கா என்ற தோல் வாத்தியத்தைப் பயன்படுத்தினார்கள். வேட்டைக் காட்சியில் பியானோவின் கீழ்ஸ்தாயி ஒரே அச்சில் ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் கொம்பு பிளிறும்போது, சுருதியில் பிடிமானம் இழந்த காது தாளத்தைப் பற்றிக்கொள்கிறது. படத்தில் அறியாத கிரகத்தில் இறங்கிய விண்வெளி வீரர்களுக்கு இடம் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அங்கே பயத்தைவிடத் திக்குத் தெரியாமைதான் முதன்மையானது.

'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். படம் முழுவதும் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து எழுதிய பெர்னார்ட் ஹெர்மன், அங்கே ஒரு ஸ்வரத்தை உச்சஸ்தாயியில் தனியாகக் கீறவிட்டு, ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே, ஆனால் அரைத்தொனி பிசகி நிற்கும் இன்னொரு ஸ்வரத்தைச் சேர்க்கிறார். கீபோர்டில் மேல்ஸ்தாயி ஷட்ஜத்தையும் மத்யஸ்தாயிச் சுத்த ரிஷபத்தையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், உத்தி அவ்வளவுதான். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்த இயக்குநர் ஹிட்ச்காக், இதைக் கேட்ட பிறகு மனம் மாறினார்.

இதற்கு அடுத்த படி கிளஸ்டர், அதாவது அடுத்தடுத்த ஸ்வரங்கள் பலவற்றைக் கொத்தாக ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது. 1961இல் இசையமைப்பாளர் லிகெட்டி எழுதி, பின்னர் இயக்குநர் கூப்ரிக் '2001' படத்தில் எடுத்தாண்ட 'அட்மாஸ்ஃபியர்ஸ்' படைப்பில், ஐந்து ஸ்தாயிகளுக்கும் மேல் பரவிய அரைத்தொனிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. அங்கே ஸ்வரம் மறைந்து அடர்த்திதான் மிஞ்சுகிறது. இன்னொரு இசையமைப்பாளரான பென்டரெட்ஸ்கி தம் இசைத்தாள்களில் கறுப்பு முக்கோணம் ஒன்றை வரைந்துவைப்பார். அந்த வாத்தியத்தில் எட்டக்கூடிய மிக உயர்ந்த ஒலியை வாசி என்று அதற்குப் பொருள். அவருடைய பழைய படைப்புகளைக் கூப்ரிக் 'தி ஷைனிங்' படத்தில் பயன்படுத்திய பிறகு, கதவு திறந்தால் ஒரு கிளஸ்டர், பூனை குதித்தால் ஒரு கிளஸ்டர் என்று திகில் படங்கள் அதைத் தேய்த்துவிட்டன என்பது என் வருத்தம்.

ஒருமுறை வீட்டில் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' இசையை ஓடவிட்டு, பக்கத்தில் சுருதிப்பெட்டியையும் போட்டுவைத்தேன். இரண்டு நிமிடங்களில் கோல்ட்ஸ்மித்தின் ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ரிஷபமாகவும் தைவதமாகவும் கேட்கத் தொடங்கின. சில, முரண்படும் ஸ்வரங்கள் கொண்ட விவாதி ராகம் போல உறுத்தின, அவ்வளவே, திகில் போய்விட்டது. பெட்டியை நிறுத்தியதும் அது திரும்பி வந்தது.