கழுத்தில் துளை போடுவது கைவிட்டதற்கு அடையாளம் இல்லை

அப்பா வென்டிலேட்டரில் 11 நாளாக இருக்கிறார், இப்போது கழுத்தில் துளை போடக் கையெழுத்துக் கேட்கிறார்கள், கைவிட்டுவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. நான் ஐசியூவில் நர்ஸ். இதே பயத்தோடு நிற்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வென்டிலேட்டரிலிருந்து வரும் வாய்வழிக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது. நாள் ஆக ஆக அங்கே புண்ணாகலாம். அதைப் பொறுத்துக்கொள்ள மயக்க மருந்தும் தேவைப்படும். டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளை போட்டு அதன் வழியே குழாய் வைப்பது, செய்தால் அந்த மருந்தைக் குறைக்கலாம், சளியை உறிஞ்சி எடுப்பது சுலபம், அப்பாவை உட்கார வைக்கலாம். பிறகு குழாயை எடுத்துவிட்டால் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

ஆனால் கையெழுத்துக்கு முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: மெஷின் உதவியைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று 30 நிமிடமாவது வைத்துப் பார்த்தார்களா? எதனால் முடியவில்லை? ஓரிரு நாளில் வாய்வழிக் குழாயையே எடுக்க முடியும் என்றால் துளை தேவைப்படாது.

அப்புறம், துளை போட்ட புதிதில் காற்று குரல்நாணுக்குப் போகாது. அதனால் சத்தம் வராமல் உதடு மட்டும் அசையும். பயந்துவிடாதீர்கள். அவருடைய மூக்குக் கண்ணாடியையும், எழுதிக் காட்ட ஒரு சிலேட்டையும் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.