ஆல்பனி பேட்ரூன்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள்: கேள்வி பதில்

கேள்வி: கூடைப்பந்துப் பயிற்சியாளர் பில் ஜாக்சன் முதன்முதலில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து பட்டம் வென்ற அணி என்பதற்கு மேல் பேட்ரூன்ஸைப் பற்றி எனக்குத் தெரியாது. அது எந்த லீகில் ஆடியது?

பதில்: நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில் 1982 முதல் ஆடிய அணி அது. அது இடம்பெற்றிருந்த சி.பி.ஏ. (கான்டினென்டல் கூடைப்பந்துச் சங்கம்) லீக், 1946இல் பென்சில்வேனியாவில் வேறொரு பெயரில் தொடங்கியது, அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வைவிடச் சில வாரங்கள் மூத்தது. ஜாக்சன் பட்டம் வென்றது 1984இல்.

கேள்வி: அந்த அணியில் ஆடியவர்களுள் மிகப் பெரிய உயரத்தை எட்டியவர் யார்?

பதில்: தயக்கமின்றி மாரியோ எலீ என்பேன். என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1985இல் ஏழாம் சுற்றில், 160ஆம் இடத்தில் தேர்வானபோதும் என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத அவர், அயர்லாந்து, அர்ஜென்டினா, போர்ச்சுகல் என்று நாடு நாடாகச் சென்று ஆடிவிட்டே ஆல்பனிக்கு வந்தார். பின்னர் ஹூஸ்டன் ராக்கெட்ஸுடன் 1994, 1995 ஆண்டுகளிலும், சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸுடன் 1999இலும் என்.பி.ஏ. பட்டம் வென்றார். 1995இல் ஃபீனிக்ஸ் அணிக்கு எதிரான தொடரின் முடிவை நிர்ணயிக்கும் ஏழாவது ஆட்டத்தில், இரு அணிகளும் 110 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தபோது, 7.1 விநாடி மிச்சமிருக்க மூலையிலிருந்து அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்தும், எதிரணி இருக்கையை நோக்கி அவர் காற்றில் அனுப்பிய முத்தமும் இன்றும் பேசப்படுகின்றன. தன்னை யாரும் கேளாத ஆண்டுகளிலும் ஆட்டத்தை விடாதிருந்தவருக்கே அந்த நேரத்தில் அப்படிக் கை நடுங்காமல் எறிய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: 1990-91 பருவத்தின் அணிதான் சிறந்ததா?

பதில்: ஜார்ஜ் கார்ல் பயிற்சியில் 56 ஆட்டங்களில் 50ஐ வென்று, சொந்தத் திடலில் ஆடிய 28 ஆட்டங்களில் ஒன்றைக்கூட இழக்காத அணி அது. எலீயும், 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான வின்சென்ட் அஸ்கியூவும் அதில் இருந்தார்கள். எனினும் பட்டம் அவர்களுக்குக் கிட்டவில்லை. அந்தப் பருவத்திலேயே என்.பி.ஏ. அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவ்விருவரையும் அழைத்துக்கொண்டது. நன்றாக ஆடுபவர் எவரையும் என்.பி.ஏ. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், சி.பி.ஏ. அணி ஒன்றை வெற்றிகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுவது முறையன்று. அஸ்கியூ பிற்பாடு சியாட்டில் அணியில் அதே கார்லிடம் ஆடி, 1996 என்.பி.ஏ. இறுதிச்சுற்று வரை சென்றார். பட்டத்தையும் கணக்கில் கொண்டால், பில் மஸல்மன் பயிற்சியில் 48 ஆட்டங்களை வென்று, 6 ஆட்டங்களை மட்டும் இழந்து வாகை சூடிய 1987-88 அணியையே நான் முதலில் வைப்பேன்.

கேள்வி: அந்த 1987-88 அணியில் யார் யார் இருந்தார்கள்?

பதில்: போதைப் பழக்கத்தால் 1986இல் என்.பி.ஏ.விலிருந்து தடைசெய்யப்பட்ட மைக்கேல் ரே ரிச்சர்ட்சன், பின்னாளில் பயிற்சியாளராக ஓக்லஹோமா சிட்டி அணியை 2012 என்.பி.ஏ. இறுதிச்சுற்றுக்கு அழைத்துச் சென்ற ஸ்காட் புரூக்ஸ், டோனி கேம்ப்பெல் ஆகியோர் முக்கியமானவர்கள். கேம்ப்பெல்லை அந்தப் பருவத்திலேயே என்.பி.ஏ. அணியான லேக்கர்ஸ் சேர்த்துக்கொண்டது. 1989இல் மின்னசோட்டாவின் புதிய என்.பி.ஏ. அணிக்கு மஸல்மன் பயிற்சியாளரானபோது அங்கு ஆடிய கேம்ப்பெல், முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 23.2 புள்ளிகள் எடுத்தார்.

கேள்வி: ஆல்பனி மக்கள் யாரைத் தங்களவராகக் கருதுகிறார்கள்?

பதில்: டெரிக் ரோலண்டை. பாட்ஸ்டாம் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்து, அணியின் தொடக்ககாலம் முதல் அங்கு ஆடியவர் அவர். என்.பி.ஏ.வின் மில்வாக்கி பக்ஸுக்காக 1985-86இல் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். என்.பி.ஏ. கணக்கை மட்டும் பார்ப்பவர் அவர் பெயரைக் கடந்து போய்விடுவார். பேட்ரூன்ஸின் வரலாற்றை எழுதுபவரோ அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.