பட்டியலில் இல்லாத வேதிப்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவில் புதிய வேதிப்பொருள்களையும் பாலிமர்களையும் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்த பெரிய மூலக்கூறுப் பொருள்கள்) தயாரிப்பதற்கு அல்லது இறக்குமதி செய்வதற்கு முன் அரசுக்கு அறிவிக்கை அளிக்க வேண்டும் என்ற விதிகள் 1994 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. இன்றைய வடிவத்தை அவை 2005 அக்டோபர் 31 அன்று பெற்றன. அவை குறித்து வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வண்ணப்பூச்சில் சேர்க்கும் துணைப்பொருள் ஒன்றைக் கனடாவுக்குக் கொண்டுவர எண்ணுகிறோம். அமெரிக்காவில் அது பல்லாண்டுகளாக விற்பனையில் இருக்கிறது. அதைப் 'புதிய பொருள்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: ஒரு பொருள் எப்போது கண்டறியப்பட்டது, வேறெங்கெல்லாம் விற்கிறது என்பவற்றை வைத்து அது புதியதா என்று முடிவு செய்யப்படுவதில்லை. உள்நாட்டுப் பொருள்கள் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்பதே கேள்வி. 1984 ஜனவரி 1 முதல் 1986 டிசம்பர் 31 வரை கனடாவில் வணிகப் பயன்பாட்டில் இருந்தவையும், அக்காலத்தில் ஏதேனும் ஓர் ஆண்டில் 100 கிலோவுக்குக் குறையாமல் தயாரிக்கப்பட்டவையும் இறக்குமதியானவையுமாகச் சுமார் 23,000 பொருள்களைக் கொண்டு அப்பட்டியல் தொடங்கியது. அதில் இல்லாதது எதுவாயினும், உலகின் மற்ற நாடுகளில் எவ்வளவு பழையதாக இருந்தாலும், கனடாவுக்குப் புதியதே.

ஆயினும் உங்கள் பொருளின் அமெரிக்க வரலாறு பயனற்றதன்று. அமெரிக்காவின் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட, உள்நாட்டில் இல்லாத பொருள்களுக்கான இரண்டாவது பட்டியல் ஒன்று உண்டு. அதில் உங்கள் பொருள் இருந்தால் அறிவிக்கைக் கடமை 100 கிலோவுக்குப் பதிலாக 1,000 கிலோவைத் தாண்டும்போதுதான் தொடங்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வணிக ரகசியம் கருதிச் சில பொருள்கள் மறைபெயரில் பட்டியலிடப்பட்டிருப்பதால், சி.ஏ.எஸ். எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இட்டுத் தேடிக் கிடைக்காதது முடிவான விடையாகாது. இறக்குமதி செய்யும் உண்மையான எண்ணம் இருப்பதை எழுத்தில் காட்டினால், ரகசியப் பகுதியையும் பார்த்துச் சுற்றுச்சூழல் அமைச்சகம் பதில் தரும்.

பட்டியலில் இருப்பது பாதுகாப்புக்கான சான்று என்று கருதுவோரும் உளர், அது தவறு. தொடக்கத்தில் சேர்க்கப்பட்டவை ஆராய்ந்து சேர்க்கப்பட்டவை அல்ல. அப்போது புழக்கத்தில் இருந்தன என்பதே அவற்றின் தகுதி. பின்னர் 2006இல் அவற்றை வகைப்படுத்தி முடித்தபோது, ஏறத்தாழ 4,300 பொருள்கள் மேலும் கவனிக்கத்தக்கவை எனத் தெரியவந்தது. புதியவற்றிடம் முன்கூட்டியே தரவு கேட்பதும் பழையவற்றைப் பின்னால் துரத்திப் பிடிப்பதும் என்ற இந்த ஏற்றத்தாழ்வு, பட்டியல் முறையைக் கைக்கொண்ட பல நாடுகளிலும் உள்ளதுதான்.

கேள்வி: ஆண்டுக்கு 3,000 கிலோ பூச்சுக் கலவை வாங்குகிறோம். அதில் புதிய பொருள் நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே. அறிவிக்கை தேவையா?

பதில்: கலவைக்கு அறிவிக்கை இல்லை, அதன் ஒவ்வொரு கூறும் தனித்தனியே பார்க்கப்படும். உங்கள் கணக்கில் புதிய பொருள் 120 கிலோ வருகிறது. இரு பட்டியல்களிலும் இல்லாத வேதிப்பொருளாயின் 100 கிலோ என்ற முதல் வரம்பை அது தாண்டிவிடுகிறது. அடுத்த வரம்புகள் 1,000 கிலோவும் 10,000 கிலோவும் ஆகும். கணக்கு நாட்காட்டி ஆண்டுப்படி. இம்மூன்று நிலைகளுக்கும் முறையே 5, 60, 75 நாள்கள் மதிப்பீட்டுக் காலமாக ஒதுக்கப்பட்டிருப்பதால், வரம்பைத் தாண்டுவதற்கு அத்தனை நாள் முன்பாகவே முழுமையான ஆவணம் சென்று சேர்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் தாமதம் ஏற்படுவது மதிப்பீட்டில் அன்று, ஆய்வகச் சோதனைகளில்தான். மேல்நிலை அறிவிக்கையில் கேட்கப்படும் 28 நாள் தொடர் நச்சுத்தன்மைச் சோதனையை நினைத்த வாரத்தில் முடித்துவிட முடியாது. விற்பனைத் துறையின் மதிப்பீட்டை நம்பிக் கீழ்நிலையில் அறிவித்துவிட்டு, ஆண்டின் நடுவில் சரக்கை நிறுத்திவைக்கும் நிறுவனங்கள் உண்டு.

கேள்வி: பாலிமர்களுக்கு மட்டும் விதிகள் தளர்வாக இருப்பது ஏன்? நெகிழிகளைப் பற்றி இவ்வளவு கவலை எழுந்துள்ள காலத்தில் இது முரண்பாடாகத் தோன்றுகிறதே.

பதில்: மூலக்கூறின் பருமனே காரணம். 1,000 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வை எளிதில் ஊடுருவுவதில்லை. ஆகவே அவை உடலுக்குள் உறிஞ்சப்பட்டுத் தீங்கு செய்யும் வாய்ப்பு குறைவு என்பதே விதியின் அடிப்படை. ஆனால் எந்தப் பாலிமரும் ஒரே அளவுள்ள மூலக்கூறுகளால் ஆனதன்று. நீண்ட சங்கிலிகளோடு குட்டையானவையும், வினைபுரியாமல் எஞ்சிய மோனோமரும் (சங்கிலியை உருவாக்கும் அடிப்படைச் சிறு மூலக்கூறு) கலந்தே இருக்கும். குறைந்த கட்டுப்பாடுள்ள பாலிமர் என்ற சலுகை வகைக்கு இதனால்தான் சராசரி எடை மட்டும் போதாது. எண் சராசரி மூலக்கூறு எடை (மொத்த எடையை மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்தது) 10,000 டால்டனுக்கு மேற்பட்டதெனில், 500 டால்டனுக்குக் கீழானவை 2 விழுக்காட்டுக்கும், 1,000 டால்டனுக்குக் கீழானவை 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். சராசரி எடை 1,000 முதல் 10,000 டால்டன் வரை உள்ளவற்றுக்கு இவ்வரம்புகள் முறையே 10, 25 விழுக்காடு. வினைத்திறன் மிக்க அணுத்தொகுதிகள் மீதும் கட்டுப்பாடு உண்டு.

எடை பொருந்தினாலும் நேர்மின்சுமை கொண்ட பாலிமர்கள் பொதுவாக இச்சலுகையைப் பெறுவதில்லை. அவை உடலுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. எதிர்மின்சுமையுள்ள மீன் செவுளின் மேற்பரப்பில் படிந்தே மூச்சைத் தடுக்கக்கூடியவை. எளிதில் சிதையும் பாலிமர்களும் விலக்கப்பட்டுள்ளன, ஏனெனில் சிதைந்தபின் கிடைப்பது சிறிய மூலக்கூறே. அமெரிக்காவும் தனது பாலிமர் விலக்கிலிருந்து சில வகைப் பெர்ஃபுளோரோ பாலிமர்களை 2010இல் நீக்கியதற்கு, அவை சிதைந்து நீண்டகாலம் அழியாத பொருள்களாக மாறக்கூடும் என்பதே காரணம்.

ஐரோப்பிய ஒன்றியமோ 2007இல் நடைமுறைக்கு வந்த ரீச் என்ற வேதிப்பொருள் சட்டத்தில் பாலிமர்களுக்குப் பதிவிலிருந்தே விலக்களித்து, மோனோமரை ஆண்டுக்கு ஒரு டன் என்ற அளவிலிருந்து பதிவு செய்யச் சொன்னது. மோனோமர் ஆபத்தற்றது என்பதாலேயே அதிலிருந்து உருவான பாலிமரும் ஆபத்தற்றது என்று ஆகிவிடாது. என் மதிப்பீட்டில் கனடாவின் வழியே அறிவியலுக்கு நெருக்கமானது. நீங்கள் குறிப்பிடும் கவலை, அதாவது நுண்ணிய துகள்களாகி நீரிலும் மண்ணிலும் சேர்வது, மூலக்கூறு எடையை அளந்து தீர்க்கக்கூடியதன்று. இவ்விதிகள் அதற்காக எழுதப்பட்டவையும் அல்ல.

கேள்வி: பொருளின் உட்கூறுகளைச் சொல்ல வெளிநாட்டு விற்பனையாளர் மறுக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: ரகசியத் தகவலை அவர் உங்களுக்குக் காட்டாமல் நேரடியாக அரசுக்கே அனுப்பலாம், இது வழக்கமான நடைமுறை. ஆனால் அறிவிக்கையின் பொறுப்பு கனடாவில் உள்ள இறக்குமதியாளரான உங்களுடையதாகவே இருக்கும். சில சோதனைத் தரவுகளுக்கு விலக்குக் கோரவும் வழியுண்டு. அது வழங்கப்பட்டால் உங்கள் பெயர் கனடா அரசிதழில் வெளியாகும் என்பதை முன்கூட்டியே நிறுவனத்தில் சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: மதிப்பீட்டுக் காலம் முடிந்தது, எந்தத் தடையும் வரவில்லை. எங்கள் பொருளை 'அரசு அங்கீகரித்தது' என்று விளம்பரம் செய்யலாமா?

பதில்: கூடாது. சுற்றுச்சூழல் அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து பார்ப்பது, நீங்கள் சொன்ன பயன்பாட்டில் அப்பொருள் நச்சுத்தன்மை உடையதாகும் என்று ஐயுற இடமிருக்கிறதா என்பதை. இல்லையெனில் காலம் முடிந்ததும் நீங்கள் இறக்குமதி செய்யலாம், அவ்வளவே. ஐயம் இருந்தால் நிபந்தனை விதிக்கலாம், தடை செய்யலாம், மேலும் தரவு கேட்கலாம். வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் மட்டும் ஆபத்து எழக்கூடும் என்று கருதினால், புதிய முக்கியச் செயல்பாடு என்ற அறிவிப்பின் மூலம், அப்படி மாற்றுவதற்கு முன் மீண்டும் அறிவிக்கை அளிக்கச் சொல்லலாம். இது நீங்கள் விற்கும் வாடிக்கையாளரையும் கட்டுப்படுத்தும் என்பதால் அவருக்குத் தெரிவிப்பது அவசியம்.

தேவையான தகவல் முழுவதும் சமர்ப்பிக்கப்பட்டு, உரிய அளவும் தாண்டப்பட்டு, நிபந்தனை ஏதும் நிலுவையில் இல்லையென்றால் அப்பொருள் 120 நாள்களுக்குள் உள்நாட்டுப் பட்டியலில் சேர்க்கப்படும். அதுவரை உங்கள் அறிவிக்கை உங்களுக்கு மட்டுமே பயன்படும். அதே பொருளைக் கொண்டுவரும் போட்டியாளர் தனியே அறிவிக்க வேண்டும். சேர்ந்த பிறகு, நீங்கள் செலவிட்டு எடுத்த தரவுக்கு எதுவும் கொடுக்காமலே அவர் இறக்குமதி செய்யலாம்.