டிஏ வேலை: விளம்பரச் சம்பளம், ஃபோனிக்ஸ் உச்சரிப்பு, இன்னும் சில கேள்விகள்

லண்டனில் எத்தனை தமிழ்ப் பெண்கள் டீச்சிங் அசிஸ்டன்ட் (டிஏ, வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாளர்) வேலை பார்க்கிறார்கள் என்பது ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு பள்ளி வாசலில் மூன்றேகால் மணிக்கு நின்றால் தெரிந்துவிடும். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்களில் சிலர் அடுத்த வருடம் அதே பள்ளியில் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறார்கள். கேள்விகளும் அதற்கேற்ப நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே. ஸ்காட்லாந்து, வேல்ஸ் நடைமுறை வேறு.

அக்கா, யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தேன். ஜிசிஎஸ்ஈ (இங்கே 16 வயதில் எழுதும் தேர்வு) எதுவும் இல்லை. டிஏ வேலைக்கு லெவல் 3 கோர்ஸ் கட்டாயமா? ஆன்லைனில் ஒன்று மலிவாக வருகிறது. (ஹாரோ வாசகி)

கட்டாயம் இல்லை. இந்த வேலைக்கென்று அரசு ஒரு தகுதியை நிர்ணயிக்கவில்லை. யாரை எடுப்பது என்பது பள்ளியின் முடிவு. பெரும்பாலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜிசிஎஸ்ஈ கிரேடு 4 அல்லது அதற்கு இணையானதைக் கேட்பார்கள். ஊர்ச் சான்றிதழை, வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் யூகே எனிக் அமைப்பு மூலம் ஒப்பிட்டு வாங்கலாம். ஆனால் காசு கட்டும் முன் பள்ளி அதை ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து காலேஜில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 (ஜிசிஎஸ்ஈக்குப் பதிலான ஆங்கில, கணக்குத் தேர்வு) முடிப்பது பலருக்கும் சுலபமான வழி. 19 வயது தாண்டி, கிரேடு 4 இல்லாதவர்களுக்கு, வசிப்பிட விதிகள் பொருந்தினால் அது இலவசம்.

மலிவு கோர்ஸை நானாக இருந்தால் வாங்கமாட்டேன். முழுமையான லெவல் 3 சர்டிஃபிகேட்டுக்கு நீங்கள் ஒரு பள்ளியில் வேலை செய்வதை யாராவது நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்து முடிக்கும் கோர்ஸ் எதுவாக இருந்தாலும், தேர்வுகளையும் தகுதிகளையும் ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அதைவிடப் பலன் தருவது, உங்கள் பிள்ளையின் பள்ளியில் வாரத்தில் ஒரு காலை பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கத் தொண்டராகப் போவது. மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை காலியானால் அதற்கும் விண்ணப்பியுங்கள். அந்த ஒரு மணி நேர வேலையில் தொடங்கியவர்கள்தான் இன்று பல பள்ளிகளில் நிரந்தர டிஏ. விண்ணப்பத்தில் ஒரு விஷயம்: சிவியை மட்டும் அனுப்பினால் போதாது, பள்ளியின் படிவத்தை முழுதாக நிரப்ப வேண்டும். பிள்ளை வளர்ப்பில் போன வருடங்களை வெற்றிடமாக விடாமல் "குழந்தை வளர்ப்பு" என்று தேதி போட்டு எழுதுங்கள். இடைவெளி எதற்கு என்று அவர்கள் கேட்டே ஆகவேண்டும், அது பிள்ளைகள் பாதுகாப்பு விதி. டிபிஎஸ் சோதனை (குற்றப் பின்னணிச் சோதனை) இருக்கும். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம், அது வந்து சேர நாளாகும்.

விளம்பரத்தில் 26,000 பவுண்ட் என்று போட்டிருந்தார்கள். முதல் சம்பளத்தைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா? (குரோய்டன்)

ஏமாற்று இல்லை. ஆனால் விளம்பரம் எழுதும் விதம் எனக்கும் பிடிக்காது. 26,000க்குப் பக்கத்தில் எஃப்டிஈ என்று சின்னதாக இருந்திருக்கும். வருடம் முழுவதும், முழு நேரமும் வேலை செய்பவருக்கான தொகை அது. நீங்கள் வாரம் 32.5 மணி நேரம், பள்ளி நடக்கும் 39 வாரம்தான் வேலை செய்கிறீர்கள். முழு நேரம் 36 மணி என்று வைத்தால் 26,000 முதலில் 23,500க்குப் பக்கத்தில் வருகிறது. அப்புறம் 39 வாரத்தோடு விடுமுறை ஊதியத்துக்காக ஐந்தாறு வாரம் சேர்த்து, வருடத்தின் 52 வாரத்தில் சுமார் 44 வாரத்துக்கான பங்கைக் கணக்கிட்டால் 20,000க்குக் கொஞ்சம் கீழே. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆகஸ்டிலும் தருகிறார்கள். ஆக, மாதம் 1,650 பவுண்ட் அளவில், வரி பிடிக்கும் முன்பு. நேர்காணலிலேயே "கைக்கு வரும் வருடச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது தவறே இல்லை.

பென்ஷனில் கை வைக்காதீர்கள். மாதம் நூறு பவுண்ட் மிச்சமாகும் என்று உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்பவர்கள் நம்மவர்களில் நிறைய. ஒவ்வொரு வருடமும் சம்பளத்தில் 49இல் ஒரு பங்கு உங்கள் பென்ஷனில் சேர்கிறது, முதலாளியும் பணம் போடுகிறார், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு மூன்று வருடச் சம்பளம் கிடைக்கும். தனியார் வேலையில் இப்படி ஒரு திட்டம் தேடினாலும் கிடைக்காது. கை இறுக்கமாக இருந்தால் பாதித் தொகை கட்டிப் பாதி பென்ஷன் சேர்க்கும் வழியும் உண்டு. முழுதாக விலகுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஏஜென்சி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே பள்ளியில் ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால், அங்கே நேரடியாகச் சேர்ந்தவருக்கு நிகரான ஊதியம் கேட்கும் உரிமை உண்டு. பலர் கேட்பதில்லை.

ரிசெப்ஷன் (4-5 வயது) வகுப்பில் இருக்கிறேன். என் உச்சரிப்பால் பிள்ளைகள் ஃபோனிக்ஸை (எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் முறை) தப்பாகப் படித்துவிடுவார்களோ என்று பயம். (டூட்டிங்)

உச்சரிப்புச் சாயல் ஒரு குறையே இல்லை. லிவர்பூல்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் தங்கள் சாயலில்தான் கற்பிக்கிறார்கள். ஃபோனிக்ஸில் முக்கியம் ஒலியைத் தனியாக, வால் இல்லாமல் சொல்வது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே எம் எழுத்தை "ம" என்று சொல்லிவிடுகிறார்கள்; அப்புறம் பிள்ளை மேட் (mat) என்ற சொல்லை "ம-அ-ட" என்று சேர்த்துப் பார்த்து விழிக்கிறது. நமக்கு இது சுலபம், புள்ளி வைத்த எழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். ம், ஸ், ல் இவற்றை நீட்டலாம். ப், க் இவை சட்டென்று நிற்க வேண்டும்.

நமக்குச் சறுக்கும் இடங்கள் வேறு. வெட் என்றால் நனைந்ததா, மாட்டு வைத்தியரா? இரண்டையும் நாம் ஒரே வ-வில் சொல்லிவிடுகிறோம். முதலாவதற்கு உதடு குவிய வேண்டும், இரண்டாவதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இசட் ஒலி ஸ் ஆகிவிடும். டீ (t) எழுத்தின் ஒலி நம் ட்-டும் இல்லை, த்-தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் பல்லின் பின்னால் ஈறு மேட்டில் பிறக்கிறது. இந்த நாலைந்தைக் கண்ணாடி முன் பழகுங்கள். உங்கள் பள்ளி எந்தத் திட்டத்தைப் பின்பற்றுகிறதோ அதன் பயிற்சி வீடியோக்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இயர் 1 பிள்ளைகளுக்கு ஜூனில் நடக்கும் சோதனையில் 40 சொற்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத கற்பனைச் சொற்கள். படத்தைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. ஒலி சுத்தமாகப் பதிந்திருந்தால்தான் வாசிக்க முடியும்.

ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு ஒன்றுக்கு ஒன்று உதவியாளராக இருக்கிறேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பென்சிலைக்கூட எடுக்கமாட்டான். டீச்சரும் அவனை என்னிடமே விட்டுவிட்டார். நன்றாகச் செய்கிறேனா, கெடுக்கிறேனா? (இல்ஃபோர்ட்)

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். உங்கள் சந்தேகத்துக்குப் பின்னால் பெரிய ஆய்வே இருக்கிறது. கல்வி ஆய்வாளர் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் குழு 2003 முதல் 2008 வரை இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் பார்த்தது: டிஏ உதவி அதிகம் பெற்ற பிள்ளைகள், அதே நிலையில் இருந்து உதவி குறைவாகப் பெற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள். டிஏக்கள் மோசம் என்பது அதன் பொருள் இல்லை. யாருக்கு டீச்சர் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையை டீச்சரிடமிருந்து பிரித்து, பயிற்சியும் தயாரிப்பு நேரமும் கொடுக்காத ஒருவரிடம் விட்டுவிடுகிறார்கள், அதுதான் கோளாறு. தெளிவான திட்டம், பயிற்சி, குறித்த நேரம் என்று டிஏ நடத்தும் சிறு குழு வகுப்புகள் நல்ல பலன் தருவதையும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நம்மூரில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிடும் பழக்கம் வகுப்புக்கும் வந்துவிடுகிறது: கேட்கும் முன்பே எடுத்துக் கொடுப்பது, எழுதுவதற்கு முன்பே விடையைச் சொல்வது. இனிமேல் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். முதலில் ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணினால் நீளமாகத்தான் தெரியும், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த நேரம் தேவை. நகரவில்லை என்றால் "அடுத்து என்ன?" என்பதோடு நிறுத்துங்கள், அல்லது மேசையில் ஒட்டிய பட அட்டையைக் காட்டுங்கள். அதுவும் போதவில்லையா, சிறு துப்பு கொடுங்கள். கடைசியில்தான் செய்து காட்டுவது, அதுவும் உங்கள் தாளில், அவன் தாளில் அல்ல. ஒட்டிக்கொண்டு உட்காராமல் நாற்காலியை ஒரு கை தூரம் தள்ளிப் போடுங்கள். அவன் ஒரு வரியைத் தொடங்கியதும் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டு வாருங்கள். முதல் வாரம் அழுவான், பென்சிலை எறிவான். அதனால் இதை உங்கள் விருப்பத்துக்குத் தொடங்காமல் டீச்சரிடமும் சென்கோவிடமும் (சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்) சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சென்கோவிடம் பையனின் ஈஎச்சிபியை (சிறப்புத் தேவைப் பிள்ளைக்கான சட்டபூர்வ உதவித் திட்டம்) படிக்கக் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் வருடக் கணக்கில் அதே பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் டிஏக்களைப் பார்த்திருக்கிறேன். டீச்சரிடம் குறை சொல்வது போல இல்லாமல், "நான் மற்ற குழுவைப் பார்த்துக்கொள்கிறேன், இன்று பத்து நிமிடம் நீங்கள் அவனோடு உட்காருகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி டீச்சர்கள் நிம்மதியாகச் சரி என்பார்கள். ஆண்டு மறுஆய்வுக் கூட்டத்துக்காக, அவன் தானாகச் செய்தவற்றைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த சிறுமி வாயே திறப்பதில்லை. தமிழில் பேசலாமா? அவள் பெற்றோருக்கு மொழிபெயர்க்கவும் சொல்கிறார்கள். (ஈஸ்ட் ஹாம்)

தாராளமாகப் பேசுங்கள். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் மௌனமாக இருப்பது சகஜம். காது வேலை செய்துகொண்டிருக்கும். கணக்கை முதலில் தமிழில் விளக்கி, பிறகு அதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பெற்றோருக்கு யாராவது அறிவுரை சொன்னால் நாசூக்காகத் திருத்துங்கள்.

மொழிபெயர்ப்பில் எல்லை வையுங்கள். சுற்றுலாக் கடிதம், மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம், இதெல்லாம் சரி. பிள்ளையின் பாதுகாப்பு, குடும்பச் சண்டை, மருத்துவ மதிப்பீடு என்று வந்தால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் உங்கள் முன்னால் அந்த அம்மா உண்மையைச் சொல்வாரா? கோயிலிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் "என் மகள் எப்படி?" என்று மறித்துக் கேட்பார்கள். "டீச்சரைக் கேளுங்கோ அக்கா" என்று சிரித்துவிட்டு நகருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் கேட்பார்கள்.

ஒரு பிள்ளை "யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்" என்று வீட்டில் அடிப்பதைச் சொன்னது. (பெயர், ஊர் வேண்டாம் என்றார்)

ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் சொல்வேன்" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, அன்றே பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். தெரிந்த குடும்பம்தானே என்று நீங்களாகப் பெற்றோருக்கு ஃபோன் செய்யவே கூடாது.

டீச்சர் வராத நாளெல்லாம் நான்தான் வகுப்பு எடுக்கிறேன், அதே சம்பளத்துக்கு. மருந்து கொடுக்கவும் சொல்கிறார்கள். (மிட்சம்)

எப்போதாவது ஒரு மணி நேரம் என்றால் விட்டுவிடலாம். வாராவாரம் என்றால் தேதி, நேரம் குறித்து வைத்து, கவர் சூப்பர்வைசர் (டீச்சர் இல்லாதபோது வகுப்பைப் பார்த்துக்கொள்பவர்) அல்லது எச்எல்டிஏ (உயர்நிலை டிஏ) அளவில் ஊதியம் கேளுங்கள். யூனிசன், ஜிஎம்பி போன்ற சங்கத்தில் முன்கூட்டியே சேர்ந்திருப்பது நல்லது, பிரச்சினை வந்தபின் சேர்ந்தால் பழைய விவகாரத்தை எடுக்க மாட்டார்கள். மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி வற்புறுத்த முடியாது. சம்மதித்தால் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள்.

கோயம்புத்தூரில் பி.எட் முடித்து கணக்கு ஆசிரியராக இருந்தேன். இங்கே மனைவியின் விசாவில் வந்திருக்கிறேன். டிஏ வேலைக்கு ஆண்களை எடுப்பார்களா? (ஸ்லவ்)

எடுப்பார்கள், உயர்நிலைப் பள்ளிகளில் தேடுங்கள். ஆனால் நீங்கள் டிஏ ஆவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். 2023 முதல் இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்கள், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்கள் கற்பிக்கப் பயிற்சி பெற்றிருந்தால், இங்கிலாந்தின் ஆசிரியத் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். பட்டமும் ஒரு கல்வியாண்டாவது கற்பித்த அனுபவமும் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இப்படி விண்ணப்பிக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாதது எனக்கு வருத்தம். கவ் டாட் யூகே தளத்தில் விண்ணப்பியுங்கள், வேறு யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். பதில் வரும் வரை டிஏ வேலையில் இருந்து இங்குள்ள வகுப்பறையைப் பழகிக்கொள்ளலாம். கணக்கு டீச்சருக்கு இங்கே எப்போதும் தட்டுப்பாடுதான்.