கருக்கு இருந்தால் பனைதானா? தாளிப்பனையை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி இது: காரிமங்கலம் பக்கம் வாங்கிய நிலத்தில் பனைகளுக்கு நடுவே ஒரு மரத்தில் மட்டும் ஓலை மிகப் பெரிது, காய்த்ததும் இல்லை, மட்டையில் கருக்கு இருக்கிறது. அது பனையா, தாளிப்பனையா?

கருக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். மட்டை ஓரத்தில் கறுத்த பல் இரண்டுக்கும் உண்டு. மட்டையின் அடி கவடாகப் பிளந்து மரத்தைப் பிடித்திருப்பதும் இரண்டிலும் பார்க்கலாம். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

விழுந்து கிடக்கும் ஓலை ஒன்றை டேப் வைத்து அளங்கள். பனையின் விசிறி சுமார் ஒன்று, ஒன்றரை மீட்டர் அகலம்தான் வரும். முதிர்ந்த தாளிப்பனையில் விசிறி 5 மீட்டர் வரையும், மட்டை 4 மீட்டர் வரையும் போகும். இளமரத்தில் இந்த அளவு கைகொடுக்காது. அப்போது மட்டை விசிறிக்குள் எவ்வளவு தூரம் நடுநரம்பாக ஓடுகிறது என்று பாருங்கள். பனையில் சீக்கிரம் நின்றுவிடும். தாளிப்பனையில் ஆழமாக உள்ளே போய்க் கீழ்நோக்கி வளையும். அதனால் ஓலை தட்டையாக விரியாது.

காய்க்கவில்லை என்பது சாட்சியே அல்ல. ஆண்பனையும் காய்க்காது, ஆனால் ஆண்டுதோறும் பாளை விடும், அடியில் விரல் தடிமனில் காய்ந்த கதிர்கள் உதிர்ந்து கிடக்கும். தாளிப்பனையோ 30 முதல் 80 ஆண்டு சும்மா நிற்கும். பிறகு உச்சியில் 6 முதல் 8 மீட்டர் உயரத்துக்கு ஒரே பூங்கொத்து. காய் முதிர ஏறக்குறைய ஓராண்டு ஆகும், அதோடு மரம் பட்டுப்போகும். கிணறு, மோட்டார் ரூம், கரண்ட் லைன் பக்கத்தில் நின்றால், பூ கண்டதுமே எந்தப் பக்கம் சாய்த்து இறக்குவது என்று யோசித்து வையுங்கள். பட்டமரம் உளுத்துத் தானாக விழும்வரை விடக் கூடாது. பனை என்று தெரிந்தால் அரிவாளைத் தொடாதீர்கள், தமிழ்நாட்டில் அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்து ரிசார்ட்டுகளில் நிற்கும் நீலச்சாம்பல் ஓலைக்காரன் இவற்றில் சேராது. அது மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா. ஓலைப் பிளவுகளில் வெள்ளை நூல் தொங்கினால் வாஷிங்டோனியா. கொஞ்சம் திணறவைப்பது ஆப்பிரிக்கப் பனைதான்: முதிர்ந்த மரத்தில் தண்டு பாதி உயரத்துக்கு மேல் உப்பும், பழம் ஆரஞ்சு நிறம்.

நர்சரியில் "விசிறிப் பனை" என்று எழுதி வைத்திருந்தால் கன்றைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. எல்லாவற்றின் முதல் ஓலையும் பிளவில்லாத பட்டைதான். விதையைக் காட்டச் சொல்லுங்கள். நார் மூடிய, உள்ளங்கையளவு கொட்டை என்றால் பனை. கோலிக்குண்டு மாதிரி உருண்டை என்றால் தாளி. பனை வேண்டுமென்றால் கன்றைவிடக் கொட்டையை நேராக மண்ணில் ஊன்றுவதே நல்லது. முளை முதலில் கீழே இறங்கித்தான் கிழங்கு வைக்கும், பையிலிருந்து பிரிக்கும்போது அது ஒடிந்தால் கன்று தேறாது.