அப்பாவுக்கு ஏன் உங்கள் பழைய ஷூ?

கேள்வி: ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் வட்டார நடைக்குழு மாதம் ஒரு ஞாயிறு பக்கத்து பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியின் மூர்லேண்டில், அதாவது மரமில்லாத திறந்த மேட்டுநிலத்தில், நடக்கப் போகும். தென்காசியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பாவையும் (68) அழைத்துப் போகிறேன். என் பழைய ஷூவைக் கொடுத்தேன். ஒரு சைஸ் பெரிது, இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளித்துக்கொண்டார். போன முறை அங்குள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் இருபது நிமிடம் பின்தங்கிவிட்டார். முன்னால் போன நாங்கள் அடிக்கடி காத்திருக்க வேண்டியதாயிற்று. குழுவினர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் கூச்சம். அவருக்கு வர ஆசை. இனி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: தம்பி, அந்த ஷூவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்ட மாட்டேன். உங்களுக்கு நல்ல பூட் வாங்கிக்கொண்டதால்தானே பழையது மிச்சமானது? பெற்றவருக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, அவர் நடை சரியில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஒரு சைஸ் பெரிய ஷூ ஏற்றத்தில் குதிகாலை விட்டு எழும்பி எழும்பி உராயும், கொப்புளம் வரும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல்நுனிகள் இடிபடும், நகம் கறுக்கும். இரண்டாவது சாக்ஸ் நனைந்ததும் சுருண்டு மடிப்பு விழும். கிண்டரின் பீட் சேறு, மக்கிய செடிகொடிகளால் ஆன கருஞ்சேறு, தளர்ந்த ஷூவைக் காலிலிருந்தே உருவிவிடும். தேய்ந்த அடியோடு ஈரப்பாறையில் கால் வைப்பவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அடியைச் சுருக்கித்தான் வைப்பார். குற்றாலத்துப் பாறைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு நடக்கத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அவருக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பாதத்தில் உணர்ச்சி குறைந்து, கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியவரும். இன்றைக்கே இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் நின்ற இடம். அப்பா இருபது நிமிடம் பின்னால், நீங்கள் முன்னால். கிண்டர் 636 மீட்டர் உயரம். மேலே மூடுபனி இறங்கினால் பீட் ஓடைகளுக்கு நடுவே பாதை மறைந்துவிடும், ஊர்க்காரர்களே திசை தவறுவார்கள். அவர் கையில் மேப் இருந்ததா? விசில்? அவசர எண் 999-ஐ அழைத்து, போலீஸ் கேட்டு, மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) வேண்டும் என்று சொல்ல அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவதுதான் அபாய விசில். அதைப் பழக்கிவிடுங்கள். ஆனாலும் விசிலை நம்பி அப்பாவைப் பின்னால் விடக் கூடாது. ஒழுங்கான குழுவில் கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் வருவார். அந்த வேலையைத் தலைவரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். மகன் இருக்கும்போது வேறு யாரும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

காத்திருந்ததாகச் சொல்கிறீர்கள். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து டீ குடித்திருப்பீர்கள். அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பியிருப்பீர்கள். நாள் முழுக்க ஓய்வே இல்லாமல் நடந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே குழு எழ வேண்டும்.

நேரக் கணக்கையும் அவரை வைத்துப் போடுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்: இது 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு. 12 கிலோமீட்டரும் 400 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். சேற்றில் நடக்கும் 68 வயதுக்காரருக்கு அதில் பாதியைக் கூட்டினால் நாலரை, சாப்பாடும் ஓய்வும் சேர்ந்தால் ஐந்தரை. நவம்பர் கடைசியில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பத்தரைக்குக் கிளம்பும் நடை அவருக்கானதல்ல. குளிர்காலத்தில் குழு போடும் 6, 7 கிலோமீட்டர் நடைக்கு இருவரும் பெயர் கொடுங்கள்.

ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம்; நனைந்தால் காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி, அதன்மேல் மழைக்கோட்டு, காதை மூடும் மங்கி கேப்.

பூட் வாங்க அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் பிற்பகலில். நடைக்குப் போடும் கனமான சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், குதிகால் எழும்பக் கூடாது. கடையில் சரிவுப் பலகை இருந்தால் இறங்கச் சொல்லுங்கள். விரல் இடித்தால் வேறு ஜோடி. “இதெல்லாம் எதுக்குப்பா செலவு” என்பார். கேட்காதீர்கள்.

புது பூட்டோடு நேரே மூர்லேண்டுக்குப் போனாலும் கொப்புளம்தான். ஒரு வாரமாவது வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழகட்டும். அதற்குள் குழுவின் ஞாயிறு வந்துவிட்டால் நீங்களும் போகாதீர்கள். அன்று அவரை ஷெஃபீல்டுக்குப் பக்கத்திலுள்ள லாங்ஷாவுக்குக் கூட்டிப்போய், நல்ல பாதையில் ஒரு மணி நேரம் அவர் வேகத்துக்கு நடந்துவிட்டு வாருங்கள்.